தையல்கடை வகுப்பு

ஜனவரி 12, ஞாயிறு

ஐந்தாம் வகுப்பைத் தற்காலிகமாக ஏற்றிருக்கும் ஆசிரியைக்கு,

வணக்கம். "அன்புள்ள நாத்தனாருக்கு" என்று இரண்டு தாளில் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். ஒரே வீட்டில் நான் கீழேயும் நீங்கள் மாடியிலுமாக எட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது திடீரென்று அன்பைக் கொண்டுவந்தால் நம் இருவருக்குமே சிரிப்பு வரும்.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மாவுக்கட்டைப் பிரிக்கப் பத்து வாரம். நம் வீட்டில் பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை என்று அம்மா என்னை இங்கே தன் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டாள். உங்கள் அண்ணன் சனிக்கிழமைதோறும் ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து ஞாயிறு திரும்புகிறார். போனில் பேசினால் நாம் இருவரும் ஐந்தாவது நிமிடத்தில் சண்டைக்கு வந்துவிடுவோம் என்பது அவர் கணிப்பு. அதனால் தபால்காரர் வேலையையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

தலைமையாசிரியை என் வகுப்பை உங்களிடம் கொடுத்தது என்னைக் கேட்டு அல்ல. இருந்தாலும் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் என்ன பாவம் செய்தார்கள். ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

அலமாரியில் மூன்று ட்ரே இருக்கும். கணக்குத் தாள்களின் மூலையில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று முத்திரை குத்தியிருப்பேன். வட்டத் தாளில் படமும் எண்ணும் மட்டும்தான், வார்த்தையே கிடையாது. தட்டுத்தடுமாறும் பிள்ளைகளுக்கு அது. சதுரத்தில் ஒன்றிரண்டு வரி வரும். முக்கோணம் முழுக்க முழுக்கக் கதைக் கணக்கு. யாருக்கு எது என்று பச்சை நோட்டில் எழுதியிருக்கிறேன். அதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். இது ஒன்றுதான் உங்களிடம் கேட்பது.

மூன்று பேரைப் பற்றி மட்டும், நான் வைத்த பட்டப்பெயரிலேயே, தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வரிசைப் பையன் எக்ஸ்பிரஸ், வேலை முடிந்துவிட்டால் கை சும்மா இருக்காது. அவனுக்குப் பின்னால் இருப்பவள் சந்தேகம். அவளுடைய முதல் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், நான்காவதுக்கு அவளே சொல்வாள். கடைசி வரிசையில் ஜன்னலோரம் இருப்பவள் ஜன்னல்காரி. நான்காம் வகுப்பிலிருந்து என்னோடு இருக்கிறாள். மெதுவான பிள்ளை, சாது. வட்டத் தாள் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வாள். தயவுசெய்து அவளை விரட்டாதீர்கள்.

இப்படிக்கு,
அண்ணி

ஜனவரி 17, வெள்ளி

அண்ணிக்கு,

வயதில் உங்களைவிட மூன்று வருடம் பெரியவளானாலும் உறவு முறைப்படி "அண்ணி" என்றுதான் எழுதியாக வேண்டும். எழுதிவிட்டேன். கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ட்ரே மூன்றையும் பார்த்தேன். அலமாரிக்கு மேலே பத்திரமாக வைத்திருக்கிறேன். கோபம் வேண்டாம். தனிப்பயிற்சி நிலையத்தில் பதினாறு வருடம், ஒரு அறையில் எண்பது பேரை உட்காரவைத்து ஒரே பலகையில் நடத்தியவள் நான். அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள் என்பதற்காக நடத்திய முறை தப்பாகிவிடாது. எனவே திங்கட்கிழமை பலகையில் பத்துக் கணக்கு எழுதினேன். எல்லாருக்கும் அதே பத்து.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பிரஸ் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, பக்கத்துப் பையனின் ஷூ நாடாவை மேஜைக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டான். மணி அடித்ததும் அந்தப் பையன் எழுந்தான், மேஜையும் கூடவே கிளம்பியது. சந்தேகம் பதினோரு சந்தேகம் கேட்டாள். ஒன்பது பேர் பாதிகூட முடிக்கவில்லை. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் என் கடைசிப் பத்து நிமிடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வாய்க்கணக்கு. நோட்டு, பென்சில் எல்லாம் உள்ளே. நான் கணக்கைச் சொல்வேன், விடை தெரிந்தவர் கை தூக்க வேண்டும். வகுப்பே முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. நேற்று கேட்டேன்: ஒரு தொட்டிக்குள் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் வருகிறது, ஐந்து லிட்டர் வெளியே போகிறது, எட்டு நிமிடம் கழித்து எவ்வளவு இருக்கும்? முதலில் கை தூக்கியது எக்ஸ்பிரஸ் இல்லை, உங்கள் ஜன்னல்காரி. "அம்பத்தாறு" என்றாள். மெதுவான பிள்ளை என்று எழுதியிருந்தீர்களே, அது வேறு யாராவதா?

நாத்தனார்

ஜனவரி 19, ஞாயிறு

நாத்தனாருக்கு,

கடிதத்தை உங்கள் அண்ணன் முன்னால் பிரித்துத் தொலைத்தேன். ஷூ நாடா வந்த இடத்தில் அவர் சிரிக்க, நான் அழுதேன். பாவம், அவர் எழுந்து போய் அம்மாவுக்குப் பாத்திரம் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ட்ரேக்கள் அலமாரிக்கு மேலே. நல்ல இடம். போன மே மாதம் தலைமையாசிரியை நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதே அவற்றை அங்கே ஏற்றிவிட்டீர்கள். "எங்க அண்ணி நடத்துறது வகுப்பில்ல, தையல்கடை. ஒவ்வொருத்தருக்கும் தனியா அளவெடுத்துத் தைக்கிறாங்க. எல்லாருக்கும் ஒரே தாள், அதுதான் நியாயம்." சாப்பாட்டு மேஜையில் நீங்கள் சொன்ன வார்த்தைகள் இவை, எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரி என்பதால் நானும் சிரித்தேன். மறுவாரம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தலைமையாசிரியை எனக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கும் நகல் தாளைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மீதிப் பாதியை அன்றிலிருந்து நான் கையால் எழுதுகிறேன். மாடியில் நீங்கள் டிவி பார்க்கும் நேரத்தில் கீழே விளக்கு எரிந்தது அதற்காகத்தான். பேசாமல் போனதும் அதனால்தான், வேறு எதற்காகவும் இல்லை.

ஜன்னல்காரி விஷயம். குருட்டு யோகமாக இருக்கும், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவள் முணுமுணுத்திருப்பாள். இரண்டு வருடமாக அவளைப் பார்க்கிறவள் நான். நீங்கள் பார்த்தது ஐந்து நாள். என் அலமாரியின் கீழ்த்தட்டில் அவளுடைய பழைய தாள்கள் எல்லாம் ஒரு பைலில் இருக்கின்றன. உங்கள் அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள். நான் சொன்னது சரி என்று அதிலிருந்தே காட்டுகிறேன்.

ட்ரேக்களைக் கீழே இறக்கி ஒரே ஒரு வாரம் என் முறைப்படி நடத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் வாயே திறக்க மாட்டேன்.

அண்ணி

ஜனவரி 31, வெள்ளி

அண்ணிக்கு,

போன வாரம் உங்கள் பைலை மட்டும் கொடுத்தனுப்பினேன், கடிதம் எழுதவில்லை. நகல் தாள் விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. சொல்லிவிட்டு மறந்துபோன ஒரு கிண்டலுக்கு நீங்கள் எட்டு மாதம் கையொடியத் தாள் எழுதியிருக்கிறீர்கள். மன்னியுங்கள் என்று எழுத எனக்குப் பத்து நாள் பிடித்தது. மன்னியுங்கள்.

ட்ரேக்களை இறக்கிவிட்டேன். இரண்டு வாரமாக உங்கள் முறைதான். முதல் நாள் வகுப்பில் சத்தமே இல்லாததால் ஏதோ விபரீதம் என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தேன். எல்லாரும் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். முக்கோணத் தாளில் எக்ஸ்பிரஸுக்கு வியர்த்தே விட்டது. அந்த ஒன்பது பேரும் முடித்தார்கள். போதுமா? இதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

இனி என் தவறைச் சொல்கிறேன். வாய்க்கணக்கில் ஜன்னல்காரி தினமும் முந்துகிறாள். பக்கத்தில் இருப்பவளை முன்வரிசைக்கு மாற்றிப் பார்த்தேன், அப்போதும் அவள்தான். முக்கோணத் தாளுக்கே தகுதியானவள், இவளைப் போய் வட்டத்தில் வைத்திருக்கிறார்களே என்று செவ்வாய்க்கிழமை முக்கோணத்தைக் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஜன்னல் கம்பிகளை வரைந்து வைத்தாள், வேறொன்றும் செய்யவில்லை. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "வாயால சொல்லத் தெரியுது, எழுத மட்டும் கை வலிக்குதா? என்ன, தலைக்கனமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். விரட்டாதீர்கள் என்று நீங்கள் எழுதியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இன்று அவள் அம்மா வந்தார். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர், கையெல்லாம் சூட்டுத் தழும்பு. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார். "மூணாங்கிளாஸ்லயே ஒரு வருஷம் உக்கார வச்சீங்க டீச்சர். மறுபடி உக்கார வச்சா ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு சொல்றா. என் உசரத்துக்கு வந்துட்டா, நான் இழுத்துட்டு வர முடியாது."

பதிவேட்டைப் பார்த்தேன். மற்றப் பாடங்களில் வாய்மொழித் தேர்வும் இருப்பதால் கரையேறிவிடுவாள். கணக்குக்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான். அரையாண்டில் இருபத்தெட்டு. ஆண்டுத் தேர்வில் நாற்பது வாங்காவிட்டால் ஆறாம் வகுப்பு கிடையாது. ஐந்து வாரம்தான் இருக்கிறது.

அவள் தொடாத முக்கோணத் தாளை இத்தோடு வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். தையல்காரர்கூட ஒவ்வொரு தடவையும் புதிதாக டேப்பை எடுத்துத்தான் அளக்கிறார். இந்தப் பெண்ணைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்?

நாத்தனார்

பிப்ரவரி 2, ஞாயிறு

அன்புள்ள நாத்தனாருக்கு,

உங்களைத் தவறென்று காட்டத்தான் அந்தப் பைலைக் கேட்டேன். நேற்று மாலை கட்டில் முழுக்கத் தாள்களைப் பரப்பினேன். அம்மாவுக்கு உட்காரக்கூட இடமில்லை. இரண்டு வருடத் தாள், நூற்று நாற்பதுக்கு மேல். அநேகமாக எல்லாம் வட்டம். எல்லாம் சரி. ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் "மிக நன்று".

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு வருடமாக எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற பிள்ளைக்கு அந்தத் தாள் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். அதை நான் பார்க்கவில்லை. அமைதியாக இருந்தாள், முடித்துக் கொடுத்தாள், எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவுதான்.

நடுவில் நான்கே நான்கு சதுரத் தாள் கிடைத்தது. நான்காம் வகுப்பில் முயன்றுவிட்டு நிறுத்தியிருக்கிறேன். அவற்றில் வெறும் எண்ணாக இருந்த கணக்கெல்லாம் போட்டிருக்கிறாள். ஒரு வரி வாக்கியம் வந்த இடமெல்லாம் காலி, ஓரத்தில் கம்பிகள். நீங்கள் அனுப்பிய தாளிலும் அதே கம்பிகள்.

அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. வாசிக்க வரவில்லை என்று நினைக்கிறேன். மற்றப் பாடங்களையெல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. எழுத்தே இல்லாத தாளை இரண்டு வருடம் அவள் கையில் கொடுத்தது நான். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் அவளுக்குக் கிடைத்திருக்காது. படிக்கிற பயம் வேண்டாம் என்று நல்லது நினைத்துத்தான் செய்தேன். நினைத்தது என்னவானாலும் அவளுக்கு இரண்டு வருடம் போய்விட்டது. கட்டிலை விட்டு இறங்க முடியாமல் இதை எழுதுவது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா?

ஒரு காரியம் செய்யுங்கள். அவளை வரவழையுங்கள். யாரும் இல்லாத இடத்தில், இத்தோடு திருப்பி அனுப்பும் அதே முக்கோணத் தாளை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் அவளுக்குத் தெரியாத ஏதாவது ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் குரலைக் கொஞ்சம் இறக்கிப் பேசுங்கள். எண்பது பேருக்குப் பழகிய குரல் அது.

அண்ணி

பிப்ரவரி 7, வெள்ளி

அன்புள்ள அண்ணி,

திங்கட்கிழமை மாலை நானே அவள் வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்று அவள் அம்மா முன்னால் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சருங்க இப்பிடில்லாம் சொல்ல மாட்டாங்களே" என்றாள். செவ்வாய் அன்று வந்துவிட்டாள்.

விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் உட்கார்ந்தோம். நான் ஒரு பந்து மூட்டையின்மேல், அவள் தாண்டிக் குதிக்கும் மரப்பெட்டியின்மேல். முதலில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். படபடவென்று ஒரு பாடத்தைச் சொன்னாள், ஒரு சொல் பிசகவில்லை. பார்த்தால் கையில் விரித்திருந்த பக்கம் வேறு. நான் மெதுவாகப் பக்கத்தைத் திருப்பி அவள் பார்க்காத ஒரு வரியைக் காட்டினேன். காது மடல் சிவந்துவிட்டது. "எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது டீச்சர். நான் ஒண்ணைப் பாக்குறதுக்குள்ள பக்கத்துல இருக்கிறது நகந்துடுது. மத்தவங்களுக்கு அப்பிடி இல்லையா?" என்று கேட்டாள். பதினோரு வயதுப் பிள்ளை, எல்லாருக்குமே அப்படித்தான், மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், தான் மக்கு என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறாள்.

முக்கோணத் தாளை வாசித்தேன். குரலை இறக்கித்தான். எட்டுக் கணக்கில் ஏழு சரி. எட்டாவதில் அவள் சொன்ன வழி என் வழியைவிடச் சின்னது, கூட்டலில்தான் தவறிவிட்டது.

நேரே தலைமையாசிரியையிடம் ஓடினேன். ஆண்டுத் தேர்வில் இவளுக்கு மட்டும் கேள்வித்தாளை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க, எல்லாருக்கும் ஒரே தாள், அதுதான் நியாயம்னு. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆசிரியர் கூட்டத்துலகூட எடுத்துச் சொன்னேன்" என்றார். அண்ணி, வாழ்நாளில் வாய் அடைத்துப்போய் நான் நின்றது அந்த ஒரு தடவைதான். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். உங்களுக்குக் கால் வலியே தெரிந்திருக்காது.

சரி, சிரித்து முடித்தாயிற்றா? இப்போது வழி சொல்லுங்கள்.

நாத்தனார்

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள நாத்தனாருக்கு,

சிரித்தேன். அம்மா வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். எட்டு மாதக் கடன் கழிந்தது, இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

தலைமையாசிரியையிடம் சலுகை கேட்காதீர்கள். அவருக்கு அந்தச் சொல்லே ஆகாது. எளிய தாளும் கேட்காதீர்கள். எல்லாருக்கும் என்ன தாளோ அதே தாள், அதே கணக்கு, அதே நேரம், அதே நாற்பது. மற்ற முப்பது பேருக்கும் கேள்வி கண் வழியாகப் போகிறது, இவளுக்குக் காது வழியாகப் போகட்டும். நீங்கள் சொன்ன ஒரே தாளில் எந்த மாற்றமும் இல்லை என்று சொல்லுங்கள். உங்கள் வாக்கியத்தை நீங்களே காப்பாற்றிக்கொண்ட மாதிரியும் ஆகும். கூடவே என் பைலையும் உங்கள் அண்ணனிடம் திருப்பி அனுப்புகிறேன். நூற்று நாற்பது தாளையும் தலைமையாசிரியையின் மேஜையில் வையுங்கள். "மிக நன்று" என்று நான் எழுதியதெல்லாம் அவர் பார்க்கட்டும். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இத்தோடு ஒரு அட்டை இருக்கிறது. மருந்துப் பெட்டி அட்டைதான். நடுவில் நீளமாக ஒரு துளை வெட்டியிருக்கிறேன். வரியின்மேல் வைத்தால் ஒரே ஒரு சொல்தான் தெரியும், பக்கத்தில் இருப்பதெல்லாம் மறைந்துவிடும். நகர்வதற்கு இடமில்லை என்றால் எழுத்து என்ன செய்யும் பார்ப்போம். இது சரியாக வருமா என்று எனக்குத் தெரியாது. தேர்வு வேறு, வாசிப்பு வேறு. தேர்வுக்குக் காது போதும். வாசிப்பை அதற்காக விட்டுவிடக் கூடாது. தினம் பத்து நிமிடம், அந்தப் பந்து மூட்டைமேல். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு வரி வாசித்தால் போதும்.

மற்றப் பிள்ளைகளையும் ஒருமுறை புதிதாக அளந்துவிடுங்கள். பச்சை நோட்டை நம்ப வேண்டாம். எழுதியவளே சொல்கிறேன்.

அண்ணி

மார்ச் 7, வெள்ளி

அன்புள்ள அண்ணி,

நான்கு வாரமாகத் துண்டு துண்டாகத்தான் எழுதியனுப்பினேன், இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். கணக்குத் தேர்வு முடிந்தது.

தலைமையாசிரியை கடைசியில் ஒப்புக்கொண்டது உங்கள் பைலைப் பார்த்துத்தான். கடைசித் தாள்வரை புரட்டினார். "சரி. ஆனா வாசிக்கிறது நீங்க இல்ல. உங்க குரல்லயே விடை வந்துடும். நானே வாசிக்கிறேன், என் ரூம்ல" என்றார். அவர் வாசிப்பது உங்களுக்குத் தெரியாதா, சுற்றறிக்கை வாசிக்கிற மாதிரி மூச்சு விடாமல் போவார். பிள்ளை பயந்து ஜன்னல் கம்பி வரைய ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது?

தேர்வன்று எனக்கு மற்ற முப்பது பேரோடு மேற்பார்வை. இரண்டு மணி நேரமும் கால் தரையில் நிற்கவில்லை. சந்தேகம் என்னைப் பார்த்து, "உக்காருங்க டீச்சர், தலை சுத்துது" என்றாள்.

முடிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு கணக்கில், இருநூற்றுப் பதினாறு பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள், ஒரு பஸ்ஸில் நாற்பத்தைந்து இருக்கை, எத்தனை பஸ் வேண்டும் என்று வாசித்திருக்கிறார். இவள் கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, "அஞ்சு பஸ் டீச்சர். ஆனா அஞ்சாவதுல ஒம்பது சீட்டு சும்மா போகும், பரவால்லியா? மத்த கணக்கெல்லாம் மிச்சம் இல்லாம வந்துச்சே. இன்னொரு தடவ பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் தாளில் இருப்பது ஐம்பத்து நான்கு. நான்கு பஸ், மிச்சமில்லை.

"முப்பது வருஷத்துல என் தப்பைத் திருத்தின முதல் ஆள்" என்றார். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, உங்களுக்குக் குறைத்த நகல் தாளை அடுத்த மாதத்திலிருந்து பழையபடி தரச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

விடைத்தாளைத் திருத்துவது வேறு பள்ளி ஆசிரியர்கள். முடிவு இருபத்தோராம் தேதி. அதுவரை என்னால் மாடியிலும் இருக்க முடியாது, கீழேயும் இருக்க முடியாது.

நாத்தனார்

மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள நாத்தனாருக்கு,

அந்த ஒன்பது சீட்டை நினைத்து நினைத்து நேற்றிலிருந்து சந்தோஷமாக இருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன், பக்கத்து வீட்டு நர்ஸிடம் சொன்னேன், ஊசி போட வந்தவரிடமும் சொன்னேன்.

இருபதாம் தேதி கட்டைப் பிரிக்கிறார்கள். இருபத்து மூன்று ஞாயிறு உங்கள் அண்ணனோடு வந்துவிடுவேன். டாக்டர் இன்னொன்றும் சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கு முழுநாள் நிற்கக் கூடாதாம், பாதி நாள்தான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். போனில் கேட்டிருக்கலாம், ஆனால் நமக்குக் கடிதம்தான் ராசி. புதுப் பள்ளி வருடத்தில் காலை வகுப்பை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா? மதியம் நான். தலைமையாசிரியைக்கு இப்போது உங்கள்மேல் ஒரு பிடிப்பு இருக்கிறது, கேட்டால் தருவார். தாள் தயாரிக்க எனக்குத் தெரியும். அந்த வாய்க்கணக்கு எனக்கு வராது. பதினெட்டு வருடம் பாடம் நடத்தியும் பென்சிலை உள்ளே வைக்கச் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. நீங்கள் அலட்சியமாக ஆரம்பித்த அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் அவள் இன்னும் வட்டத் தாளில்தான் இருந்திருப்பாள். கூச்சப்படாமல் சொல்கிறேன், தையல்கடையில் ஒரு ஆள் குறைகிறது.

உடனே பதில் வேண்டாம். உங்களுக்கு யோசிக்கப் பத்து நாள் பிடிக்கும் என்று தெரியும்.

அண்ணி

மார்ச் 21, வெள்ளி

அன்புள்ள அண்ணி,

நாளை மறுநாள் நேரிலேயே வந்துவிடுவீர்கள். ஆனாலும் அண்ணன் பையில் கடிதம் இல்லாமல் வந்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. கீழ்வீட்டைப் பெருக்கித் துடைத்தாயிற்று. உங்கள் மேஜையைத் தொடவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டிருக்கிறது, அண்ணனே போட்டார், அதனால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

இரண்டாவது, பள்ளிச் செய்தி. முப்பத்தொரு பேரையும் அளந்துவிட்டேன், ஆளுக்குப் பத்து நிமிடம். பச்சை நோட்டில் ஆறு பேர் இடம் மாறியிருக்கிறார்கள். எக்ஸ்பிரஸுக்குப் பின்னம் சுத்தமாகத் தெரியவில்லை, வேகத்தில் மறைத்துக்கொண்டிருந்தான். நான்காவதாக ஒரு ட்ரே வாங்கி வைத்திருக்கிறேன். அதில் தாள் இல்லை, வாசித்துக் காட்ட வேண்டியவர்களின் பெயர் மட்டும். இப்போதைக்கு இரண்டு பெயர். காலை வகுப்புக்குச் சம்மதம். பத்து நாள் யோசிக்கவில்லை, உங்கள் கடிதத்தை மாடிப்படியில் நின்று படித்தபோதே முடிவு செய்துவிட்டேன். சும்மா உங்களைக் காக்க வைத்தேன்.

இனி நீங்கள் கேட்கப்போவது. இன்று முடிவு. மேலே போகிறவர்களின் பட்டியலைக் காலையில் பலகையில் ஒட்டினார்கள். பிள்ளைகள் எல்லாரும் ஓடினார்கள். ஜன்னல்காரிதான் முதலில் போய் நின்றாள், அவள் கால் நீளம். சட்டைப் பையிலிருந்து உங்கள் அட்டையை எடுத்தாள். இந்த ஆறு வாரத்தில் அதன் ஓரமெல்லாம் நைந்துவிட்டது. முதல் வரியில் வைத்தாள். ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினாள். முதல் பெயர், இரண்டாவது பெயர். அவள் பெயர் பட்டியலில் எங்கே என்று எனக்குத் தெரியும், மதிப்பெண் எழுபத்து நான்கு என்பதும் தெரியும். அவளுக்குத் தெரியாது.

பின்னால் முப்பது பேர் நின்றார்கள். யாரும் தள்ளவில்லை. எக்ஸ்பிரஸ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டான், அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். எட்டாவது வரியில் என்னால் பொறுக்க முடியவில்லை, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சந்தேகம் என் கையைப் பிடித்து இழுத்து, "சொல்லாதீங்க டீச்சர், அவளே வந்துடுவா" என்றாள். பேசாமல் நின்றேன், அண்ணி. அழவும் செய்தேன், எழுதுவதற்கு என்ன.

இருபத்து மூன்றாவது வரிக்கு வந்தாள். அட்டையை அங்கேயே இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வரிசையைத் திரும்பிப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

நாத்தனார்